வீட்டில் பீர் போடும் பழைய செட் வாங்கி 380 டாலர் இழந்தேன், நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இங்கே நாம் குடிப்பதற்கு நாமே வீட்டில் பீர் போட்டுக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நண்பன் ஒருவன் போடுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. 23 லிட்டருக்கு அறுபது எழுபது பாட்டில் கழுவ வேண்டும் என்று அவன் புலம்பியதால், நேராகக் கெக் என்கிற பெரிய எஃகுக் கலனிலேயே ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். போன மார்ச்சில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கெக், கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், நொதிக்க வைக்கிற வாளி, நொதித்தல் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பீரின் அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டர் எல்லாம் சேர்த்து 380 டாலர்.

விற்றவர் தமிழர், அறுபது வயசு இருக்கும். டீ கொடுத்தார். ரெகுலேட்டரை மாட்டி வால்வைத் திறந்தார், அழுத்தம் காட்டும் முள் சட்டென்று 800 பி.எஸ்.ஐ.க்குப் போய் நின்றது. "பாருங்க தம்பி, ஃபுல்லா இருக்கு. நம்ம ஊருப் பையனை ஏமாத்தி எனக்கு என்ன ஆகப்போகுது?" அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே நண்பன் வந்து சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். தராசில் வைத்தோம். 9.2 பவுண்டு. சிலிண்டரின் தோளில் டி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 7.6 என்று அடித்திருந்தது. அதுதான் காலிச் சிலிண்டரின் எடை. ஆக, 5 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 1.6 பவுண்டுதான் கேஸ். முள் எப்படி 800 காட்டியது? உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை, வீட்டுச் சூட்டில் முள் 800க்குப் பக்கத்திலேயே நிற்கும். எவ்வளவு மிச்சம் என்று முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, எடைதான் சொல்லும். வருஷக்கணக்காகப் பீர் போட்டவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

சரி, நிரப்பிக்கொள்ளலாம் என்று கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் தோளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியாகச் சோதனை செய்த தேதி 2011. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சோதனை செய்து தேதி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரப்ப மாட்டார்கள். அதற்குத் தனியாக 80 டாலர் அழுதேன்.

அடுத்தது கெக். இந்த 19 லிட்டர் கெக்குகள் முதலில் குளிர்பானச் சிரப் அனுப்புவதற்காகச் செய்தவை. கோக் பயன்படுத்தியது பின் லாக் என்ற இணைப்பு வகை, பெப்சி பயன்படுத்தியது பால் லாக் என்ற வகை. ஒன்றின் இணைப்பு இன்னொன்றில் ஏறாது. எனக்குக் கிடைத்தது பின் லாக் கெக், கூட வந்த இணைப்புகளோ பால் லாக்! புதிதாக வாங்கினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உண்மையில் பயமுறுத்தியது ரெகுலேட்டர். சிலிண்டரோடு சேரும் இடத்தில் இருக்க வேண்டிய வாஷரே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவியதும் நுரை பொங்கியது. நான் பீர் வைத்திருப்பது பேஸ்மெண்டில், பக்கத்து அறையில் குழந்தைகள் விளையாடுவார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். மணமும் கிடையாது. தயவுசெய்து யாரிடம் வாங்கினாலும், எங்கே வாங்கினாலும், சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் வீட்டுக்குள் கேஸைத் திறக்காதீர்கள்.

ஒருவழியாக முதல் பீர் போட்டேன். இரண்டு வாரம் ஆகியும் ஹைட்ரோமீட்டர் 1.018ஐ விட்டு இறங்கவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டது என்று இன்னொரு பாக்கெட் போட்டேன், அறையைச் சூடாக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் 20 டிகிரி வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 1.000 காட்ட வேண்டியது 1.008 காட்டியது. உள்ளே இருக்கும் அளவுத்தாள் நழுவியிருக்கிறது. பீர் எப்போதோ 1.010க்கு வந்து முடிந்துவிட்டது.

அந்தப் பீரும் புளித்துப்போனது. வாளியை நன்றாகக் கழுவி, கிருமிநாசினி ஊற்றித்தானே போட்டோம் என்று யோசித்து, அடியில் இருக்கும் குழாயைத் திருகிக் கழற்றினேன். மரையைச் சுற்றி, ரப்பர் வளையத்துக்குப் பின்னால், பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். விரலில் எடுத்து முகர்ந்தால் ஊசிப்போன மாவு வாடை. வாளியின் உள்பக்கமெல்லாம் கம்பித் தேய்ப்பான் போட்ட கீறல். அந்தக் கீறலுக்குள் போய் உட்கார்ந்த கிருமியை எதைப் போட்டும் எடுக்க முடியாது. வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அவரைக் கூப்பிட்டேன். "உங்க முன்னாடிதானே செக் பண்ணிக் கொடுத்தேன்" என்றார். மறுநாளிலிருந்து போனை எடுப்பதில்லை.

போன வாரம் மறுபடி 'முழு செட்' என்று ஒரு விளம்பரம் போட்டிருக்கிறார், இந்தத் தடவை 450 டாலர். அவரிடமோ வேறு யாரிடமோ வாங்கப் போனால் ஒரு தராசு எடுத்துக்கொண்டு போங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்த வாளியின் குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.