லூவ்ர் அரண்மனை அருங்காட்சியகம்: தனி வழிகாட்டியா, குழுச் சுற்றா, ஆடியோ கைடா?

பாரிஸின் லூவ்ரைப் பார்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. உங்களுக்கு மட்டும் என்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம். ஏதாவது சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். அருங்காட்சியகமே நடத்தும் சுற்றில் இடம் பிடிக்கலாம். இல்லையென்றால் ஆடியோ கைடை மாட்டிக்கொண்டு நாமே நடக்கலாம். செலவில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. தனி வழிகாட்டி என்றால் நுழைவுச் சீட்டு போகச் சில நூறு யூரோ ஆகும். அவ்வளவு கொடுப்பதற்கு எங்கே பலன் கிடைக்கிறது, எங்கே கிடைப்பதில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோனாலிசாவுக்காகத் தனி வழிகாட்டி வைக்க வேண்டாம். ஹம்முராபியின் சட்டக் கல்லுக்காக வையுங்கள்.

லூவ்ரில் காட்சிக்கு இருப்பவை மட்டும் சுமார் 35,000 பொருள்கள். தெனோன், சுல்லி, ரிஷ்லியூ என்று மூன்று பெரிய பகுதிகளில் அவை பரவியிருக்கின்றன. 2024இல் 87 லட்சம் பேர் வந்தார்கள். நாளொன்றுக்கு 30,000 பேர் என்று நிர்வாகம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த 30,000 பேரில் பெரும்பாலானவர்கள் ஒரே பாதையில் போகிறார்கள்: வீனஸ் சிலை, படிக்கட்டின் உச்சியில் நிற்கும் சமோத்ராஸ் வெற்றித் தேவதை, அப்புறம் மோனாலிசா. குழுச் சுற்றுகள் விற்பதும் இதே பாதையைத்தான். தனி வழிகாட்டியை அமர்த்துகிறவர்களும் பெரும்பாலும் இதையே கேட்கிறார்கள். காசு வீணாவது இங்கேதான்.

மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சின்ன ஓவியம். தெனோன் பகுதியில், கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எவ்வளவு திறமையான வழிகாட்டியாலும் உங்களுக்கு நெருக்கமாக எதையும் காட்ட முடியாது. 1911 ஆகஸ்டில் வின்சென்சோ பெருஜ்ஜா அதைத் திருடிக்கொண்டு போனதையும், 1913 டிசம்பரில் அது ஃபிளாரன்ஸில் பிடிபட்டதையும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இந்த அறையில் நல்ல வழிகாட்டி செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்றுதான்: உங்களைத் திரும்பிப் பார்க்கச் சொல்வது. எதிர்ச் சுவர் முழுக்க வெரோனீஸ் 1563இல் முடித்த ‘கானா திருமணம்’ ஓவியம் தொங்குகிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரையப்பட்டது. 1797இல் நெப்போலியனின் படை எடுத்துக்கொண்டு வந்தது. இது உங்களுக்குத் தெரிந்துவிட்டால் தெனோன் பகுதியை ஆடியோ கைடோடு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ரிஷ்லியூ பகுதியின் கதை வேறு. அங்கே மெசொபொத்தேமியக் கூடத்தில் இரண்டே கால் மீட்டர் உயரமுள்ள ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. மேலே இரண்டு உருவங்கள், கீழே நெருக்கமாகக் கீறிய ஆப்பெழுத்து. தனியாகப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று, படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கல் பேசத் தொடங்கும். பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டங்கள் அவை. ஏறக்குறைய 3,750 ஆண்டுப் பழமை. ஆனால் 1901இல் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்களுக்கு இது கிடைத்தது பாபிலோனில் அல்ல, இன்றைய ஈரானில் இருக்கும் சூசாவில். ஈலாம் நாட்டு அரசன் ஒருவன் போரில் கொள்ளையடித்துக் கொண்டுபோனது. கல்லின் கீழ்ப் பக்கத்தில் ஒரு பகுதி வழவழவென்று தேய்க்கப்பட்டிருக்கும். அந்த இடத்தை விரலால் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். பிறகு “யார் அழித்தார்கள், ஏன் அழித்தார்கள்?” என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கிருந்து பேச்சு நீளும். ஆடியோ கைடிடம் திருப்பிக் கேட்க முடியாது. குழுவில் கேட்கலாம், ஆனால் அடுத்த நிறுத்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று பதில் பாதியில் நின்றுவிடும்.

சற்றுத் தள்ளி கோர்சாபாத் முற்றம். அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனை வாசலைக் காத்த, மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள் அங்கே நிற்கின்றன. அவற்றுக்கு ஐந்து கால்கள். முன்னால் நின்று பார்த்தால் அசையாமல் நிற்பதுபோலவும் பக்கத்திலிருந்து பார்த்தால் நடப்பதுபோலவும் தெரிய வேண்டும் என்று செய்த வேலை. பத்து வயதுப் பிள்ளையை அந்தக் கால்களை எண்ணச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் அடுத்த ஒரு மணி நேரம் பிள்ளை சிணுங்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் தனி வழிகாட்டியைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை நியாயப்படுத்தும் இன்னொரு விஷயம் கட்டடமே. லூவ்ர் ஒரு அரண்மனை என்பதைப் பெரும்பாலான சுற்றுகள் மறந்துவிடுகின்றன. 1190 வாக்கில் இரண்டாம் பிலிப் மன்னன் கட்டிய கோட்டையின் அடிச்சுவர் சுல்லி பகுதியின் நிலவறையில் இன்னும் இருக்கிறது. அகழியின் தரையிலேயே நடந்து போகலாம். 1546இல் முதலாம் பிரான்சுவா கோட்டையை அரண்மனையாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தான். மேலே தூண்களாகப் பெண் சிலைகள் நிற்கும் கூடத்தில் 1658இல் பதினான்காம் லூயியின் முன்னால் மோலியேரின் குழு நாடகம் போட்டது. 1682இல் அரசவை வெர்சாய்க்குப் போய்விட்டது. புரட்சிக்குப் பிறகு, 1793இல், மக்களுக்கான அருங்காட்சியகம் ஆனது. மேற்கே தோட்டத்தைப் பார்த்தபடி அரண்மனை ஏன் திறந்து கிடக்கிறது? அந்தப் பக்கத்தை மூடியிருந்த துய்லரி அரண்மனை 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற கிளர்ச்சியின் நாட்களில் எரிந்துபோனது. கண்ணாடிப் பிரமிடு வந்த 1989 வரை ரிஷ்லியூ பகுதியில் பிரெஞ்சு நிதி அமைச்சகம் இயங்கியது. இந்த இழையை நிலவறையிலிருந்து மூன்றாம் நெப்போலியனின் தங்க அறைகள் வரை இழுத்துக்கொண்டு போகும் வழிகாட்டிக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கலாம். குழுச் சுற்றில் இது கிடைக்காது.

சரி, குழுச் சுற்று யாருக்கு? முதல்முறை தனியாக வருகிறவருக்கு, இரண்டு மணி நேரத்தில் பெயர்பெற்றவற்றைப் பார்த்துவிட்டால் போதும் என்பவருக்கு. காதில் ஹெட்செட், முன்னால் ஒருவர், போட்ட பாதை. அருங்காட்சியகமே நடத்தும் சுற்று இதைவிட நம்பகமானது, செலவும் குறைவு. ஆனால் நேரமும் மொழியும் அவர்கள் வைத்ததுதான்.

ஆடியோ கைடை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். சில படங்களுக்கு முன்னால் பக்கத்தில் யாருமே பேசக் கூடாது. வெர்மேரின் ‘சரிகை பின்னுபவள்’ 24க்கு 21 சென்டிமீட்டர்தான். அந்தப் பெண் குனிந்திருப்பதுபோல நீங்களும் குனிந்து, பேசாமல் பார்க்க வேண்டிய படம். பிரெஞ்சு அரசி மரீ த மெதிசிக்காக ரூபன்ஸ் வரைந்த 24 பெரிய ஓவியங்கள் ஒரே கூடத்தில் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் செலவழிக்க எந்தச் சுற்றும் விடாது.

பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்ற விளம்பரத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். நேரம் குறித்த சீட்டை இணையத்தில் நீங்களே வாங்கினாலும் பெரிய வரிசை இல்லை. பாதுகாப்புச் சோதனையை யாராலும் தவிர்க்க முடியாது. சொன்ன தொகை தலைக்கா, மொத்தக் குழுவுக்கா, அதில் நுழைவுச் சீட்டு அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் சில அண்டை நாடுகளும்) வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 ஜனவரி முதல் சீட்டு 32 யூரோ. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். ஆகவே நான்கு பேர் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

வழிகாட்டியின் தொழில் அட்டையைப் பற்றியும் கேளுங்கள். பிரான்சில் நிறுவனங்கள் அருங்காட்சியகங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் நடத்தும் சுற்றுகளுக்கு அரசு அங்கீகரித்த அட்டை உள்ள வழிகாட்டிகளையே அமர்த்த வேண்டும் என்பது சட்டம். அட்டை வைத்திருப்பவர் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்து விதியும் முக்கியம். 2025 ஜூன் 16 அன்று ஊழியர்கள் திடீரென வேலையை நிறுத்தியதால் கதவு பல மணி நேரம் திறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று அப்போலோ கூடத்தில் அரச நகைகள் கொள்ளை போனபோது லூவ்ர் அன்றே மூடப்பட்டது. அந்த மாதிரி நாளில் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். திட்டத்தில் ‘அரச நகைகள்’ என்று போட்டிருந்தால் அந்தக் கூடம் இப்போது திறந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

வயதான பெற்றோரோடு போகிறீர்கள் என்றால் தனி வழிகாட்டி ஏறக்குறைய அவசியம். பல காலகட்டங்களில் ஒட்டிக் கட்டிய அரண்மனை என்பதால் இடையிடையே படிகள் வந்துகொண்டே இருக்கும். எந்த லிஃப்ட் எங்கே ஏறும், எங்கே உட்காரலாம் என்று தெரிந்த ஒருவர் கூட இருந்தால் அம்மாவின் முழங்கால் தப்பிக்கும். சக்கர நாற்காலி தேவையென்றால் அருங்காட்சியகமே இலவசமாகத் தருகிறது.

கையில் ஓரளவு பணமும் ஒரே ஒரு நாளும் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கலவையான வழி. செவ்வாய் விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அந்த இரண்டில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு வழிகாட்டியோடு உள்ளே போங்கள். இரண்டு மணி நேரம் போதும்; அதற்குமேல் கேட்டாலும் தலையில் ஏறாது. வழிகாட்டி விடைபெற்ற பிறகு நீங்கள் வெளியே வர வேண்டியதில்லை. கொஞ்சம் உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, கூட்டம் தளரும் ஏழு மணிக்குமேல் தெனோன் பகுதிக்கு ஆடியோ கைடோடு நீங்களே போங்கள். வெளியே போய்விட்டால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வழிகாட்டிக்கு அனுப்பும் மின்னஞ்சலில் இதைத் தெளிவாக எழுதுங்கள்: “மோனாலிசா வேண்டாம். இடைக்காலக் கோட்டை, மெசொபொத்தேமியா, மூன்றாம் நெப்போலியனின் அறைகள். எங்களில் ஒருவருக்குப் படியேற முடியாது.” உடனே வேறு பாதை போட்டு, தன் பங்குக்கு ஒன்றிரண்டு இடங்களையும் சேர்த்துப் பதில் எழுதுகிறவரை அமர்த்துங்கள். ‘தலைசிறந்த படைப்புகள் சுற்று’ என்று அச்சடித்த நிரலையே திருப்பி அனுப்புகிறவரை விட்டுவிடுங்கள். அவர் தருவதைக் குழுச் சுற்றிலேயே குறைந்த காசுக்கு வாங்கிக்கொள்ளலாம்.