கேமராவா, மேப்பா? வேக வரம்பைக் காருக்கு யார் சொல்வது

தங்கச்சி வீட்டுக்காரர் புதுக் கார் எடுக்கப் போகிறார். நாங்கள் இரண்டு குடும்பமும் இருப்பது ஜெர்மனியில், டோர்ட்முண்ட் பக்கம். போன வாரம் போனில் ஒரு யோசனை சொன்னார்: "மச்சான், போலீஸ் லேசர் துப்பாக்கியைக் குழப்பும் ஜாமர் ஒன்றை வாங்கி, அதை ஜிபிஎஸ் வேக வரம்போடு இணைத்துவிட்டால் என்ன? கார் வரம்புக்குள் வந்ததும் ஜாமர் தானாகவே அணைந்துவிடுமே."

துப்பாக்கி அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, அது காரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. ஜாமர் தன் ஒளியை எதிரே வீசி அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. இங்கே அதைப் பயன்படுத்துவது குற்றம். பிடிபட்டால் 75 யூரோ அபராதமும், ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு தண்டனைப் புள்ளியும். ஆனால் எனக்கு உறுத்தியது அபராதம் இல்லை. இந்தத் தெருவில் வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே தெரிகிறது. தெரிந்ததை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லாமல், போலீஸ் குறி வைத்த பிறகு ஒளி வீச எதற்கு அது? மாப்பிள்ளையிடமும் இதைத்தான் சொன்னேன்.

முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு புதுக் காரோடு சேர்ந்தே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் வேக உதவிக் கருவி கட்டாயம். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு. கார் வரம்பை எங்கிருந்து தெரிந்துகொள்கிறது? தெரிந்ததை நமக்கு எப்படிச் சொல்கிறது?

முதலில் கேமரா. காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, சிவப்பு வளையத்துக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கிறது. நேற்று நட்ட பலகையும் அதற்குத் தெரியும். ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் சாலை வேலை நடக்கும் இடத்தில் 100, 80, 60 என்று வரிசையாக இறங்கும் தற்காலிகப் பலகைகளைப் பார்த்துச் சொல்ல அதைவிட நம்பகமான ஆள் இல்லை. தலைக்கு மேலே மாறிக்கொண்டே இருக்கும் மின்பலகைகளுக்கும் அப்படித்தான்.

ஆனால் பலகையில் எண் இல்லாவிட்டால் சிக்கல். ஜெர்மனியில் ஊர் எல்லையில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். அதைத் தாண்டினாலே 50 என்பது சட்டம். 50 என்ற எண் எங்கும் இருக்காது. சில கார்கள் அந்த மஞ்சள் பலகையையே அடையாளம் கண்டுகொள்கின்றன, எல்லாம் அல்ல. 30 மண்டலம் இன்னும் கடினம். நுழைவில் ஒரே ஒரு பலகை. உள்ளே நாலு திருப்பம் திரும்பினாலும் 30 தான், ஆனால் மறுபடி நினைவூட்டும் பலகை கிடையாது. கேமராவை மட்டும் நம்பும் கார் முதல் திருப்பத்திலேயே மறந்துவிடலாம். அப்புறம் "ஈரமாக இருக்கும்போது", "இரவு 10 முதல் காலை 6 வரை" என்ற சின்னத் துணைப்பலகைகள். சில கார்கள் வைப்பர் ஓடுகிறதா என்று பார்த்து ஈரத்தை ஊகிக்கின்றன. நல்ல யோசனைதான்.

ஒரு நாள் சிக்னலில் சுற்றுலாப் பேருந்து ஒன்றுக்குப் பின்னால் நின்றேன். அதன் முதுகில் "100" என்ற வட்ட ஸ்டிக்கர். அந்தப் பேருந்து ஆட்டோபானில் அவ்வளவு வேகம் போகலாம் என்பதற்கான அடையாளம். என் டாஷ்போர்டில் உடனே 100 மின்னியது. நாங்கள் நின்றதோ ஊருக்குள், 50 சாலையில். "அப்பா, நூறு போகலாமா?" என்றாள் பின்சீட்டில் இருந்த மகள்.

அடுத்தது மேப். ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும். அந்தச் சாலைத் துண்டுக்கு எழுதி வைத்த வரம்பை மேப் எடுத்துக் கொடுக்கும். மஞ்சள் பலகை, 30 மண்டலம், மூடுபனி எதுவும் அதற்குப் பிரச்சினை இல்லை. வளைவுக்கு அப்பால் வரம்பு குறையப் போவதையும் முன்பே சொல்லும்.

அதன் பலவீனம் பழசாகிப் போவது. பிரான்சில் 2018 ஜூலை 1 அன்று நடுத்தடுப்பு இல்லாத ஊர்ப்புறச் சாலைகளில் 90 என்பது 80 ஆனது. பிறகு சில மாவட்டங்கள் சில சாலைகளை மட்டும் மறுபடி 90க்கு ஏற்றிக்கொண்டன. பாரிஸ் சுற்றுச்சாலை 2024 அக்டோபரில் 70இலிருந்து 50க்கு இறங்கியது. வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 அன்று குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 ஆனது. இந்த மாற்றங்களுக்குப் பிறகு அப்டேட் செய்யாத மேப்போடு அங்கெல்லாம் போனால், கார் கூசாமல் தப்பான எண்ணைக் காட்டும். இன்னொரு தொல்லை, ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். ஆட்டோபானை ஒட்டியே ஓடும் ஊர்ச்சாலையில் போகும்போது, நாம் எந்தச் சாலையில் இருக்கிறோம் என்று அது தடுமாறும்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், ஊருக்குள் மேப், நெடுஞ்சாலையில் கேமரா என்பேன். நல்லவேளை, பல கார்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மாப்பிள்ளை விசாரிக்க வேண்டியது, இரண்டும் முரண்பட்டால் எது ஜெயிக்கும், மேப் அப்டேட் எத்தனை வருடத்துக்கு இலவசம் என்ற இரண்டும்தான். ஷோரூமில் கிடைக்கும் பதிலை மட்டும் நம்ப வேண்டாம். டெஸ்ட் டிரைவ் போகும்போதே ஒரு மஞ்சள் பலகை, 30 மண்டலத்துக்குள் இரண்டு திருப்பம், ஒரு சாலை வேலை இடம், மூன்றையும் தொட்டு வரட்டும்.

சரி, தெரிந்ததை எப்படிச் சொல்கிறது? ஒலி, அதிர்வு, ஆக்சிலேட்டர் மிதி காலை மெல்லத் திருப்பித் தள்ளுவது, கார் தானே வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்று நாலு வழிகளைச் சட்டம் அனுமதிக்கிறது. எதிலும் கடைசி வார்த்தை ஓட்டுநருடையது. அழுத்தி மிதித்தால் கார் கேட்கும். அணைத்தும் வைக்கலாம், ஆனால் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது மறுபடி உயிர் பெறும். செலவு குறைவு என்பதால் ஒலியைத்தான் நிறையக் காரில் பார்க்கிறோம். தப்பான எண்ணுக்கு நாலு முறை கத்தினால் ஐந்தாவது முறை யாரும் கேட்கமாட்டார்கள். என் மனைவி சீட் பெல்ட் போடும் முன்பே அதை அணைத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது மிதி. இது புதுசும் இல்லை. ஸ்வீடனில் 1999 முதல் 2002 வரை நாலு ஊர்களில் சுமார் 5,000 வண்டிகளில் சோதித்தார்கள். உமியோவில் எச்சரிக்கை விளக்கும் ஒலியும், லுண்டில் திருப்பித் தள்ளும் மிதி. தூங்கும் குழந்தையை எழுப்பாமல், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமல், பாதத்துக்கு மட்டும் செய்தி போகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டியதும் அதே பாதம்தானே. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு வினாடிக்குள் 14 மீட்டர் கடந்துவிடுகிறோம். 30இல் எட்டு மீட்டர் சொச்சம். பள்ளிக்கூட வாசலில் அந்த ஆறு மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் போனே போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் இலவசச் செயலிகள் வரம்பையும் ஜிபிஎஸ் வேகத்தையும் சேர்த்துக் காட்டும். அந்த மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கள் மழலையர் பள்ளித் தெருவை 30 ஆக்கிய அன்று மாலையே நான் அதில் மாற்றிவிட்டேன். மாப்பிள்ளைக்கு அந்த இணைப்பை அனுப்பியிருக்கிறேன். அவர் தெருமுனையில் புதிதாக வைத்த பலகையை அவர்தான் சேர்க்க வேண்டும்.