வெறும் ஸ்டென்ட்டா, மருந்து பூசியதா?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்குச் சேலத்தில் ஆஞ்சியோ செய்து, இதயக் குழாயில் அடைப்பு இருப்பதாகச் சொன்னார்கள். குழாயை விரித்துப் பிடிக்க எந்த ஸ்டென்ட் (சிறு கம்பி வலைக் குழாய்) வைப்பது என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது. குடலிறக்க அறுவை சிகிச்சையும் காத்திருந்ததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரையை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல்) சீக்கிரம் நிறுத்த இடம்தரும் வெறும் உலோக ஸ்டென்ட்டே நல்லது என்றார் அண்ணன்.

வெறும் உலோகம் குழாயை விரித்துப் பிடிக்கும். ஆனால் கம்பி வலை அழுத்திய இடத்தின் காயத்தை ஆற்றுவதற்காக வளரும் திசு அளவுமீறி, சில மாதங்களிலேயே ஏறத்தாழ 100 பேரில் 20 முதல் 30 பேருக்குக் குழாயை மீண்டும் குறுக்கிவிடும். மருந்து பூசியதில் சிரோலிமஸ் போன்ற மருந்து மெல்லக் கசிந்து அந்த வளர்ச்சியை அடக்குவதால், மறுஅடைப்பு 10 பேருக்கும் கீழே இறங்கியது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட்டில் புண் ஆறுவதும் தாமதப்பட்டு, ஓராண்டு கடந்த பிறகும் ரத்தம் உறையும் ஆபத்து தொடர்ந்தது. கம்பி மெலிந்து, பூச்சும் மேம்பட்ட இன்றைய ஸ்டென்ட்டுகளில் அந்த அச்சம் பெரிதும் தணிந்துவிட்டது.

நார்வேயில் சுமார் 9,000 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஆறாண்டு முடிவில் மரணத்திலோ மாரடைப்பிலோ இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மீண்டும் அடைப்பு நீக்கவேண்டி வந்தவர்கள் மட்டும் மருந்து பூசியதில் 16.5 விழுக்காடு, வெறும் உலோகத்தில் 19.8. ஆக, மருந்துப் பூச்சு ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு முறை மலையிறங்கிக் கேத் லேபில் (ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை அறையில்) படுக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. எழுபதைக் கடந்தவருக்கு அது சிறிய லாபமல்ல.

அண்ணனின் வாதத்துக்கு 2015-இல் வந்த லீடர்ஸ் ஃப்ரீ ஆய்வே பதில். ரத்தக்கசிவு ஆபத்து மிகுந்தவர்களுக்கு ஒரே ஒரு மாதம் இரட்டை மாத்திரை கொடுத்தபோதும், பாலிமர் (மருந்தைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் போன்ற பூச்சு) இல்லாத மருந்து ஸ்டென்ட்டே பாதுகாப்பிலும் பயனிலும் முந்தியது. விலையில் வெறும் உலோகம் மலிவுதான்: 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விதித்த உச்சவரம்பு அதற்கு ரூ.7,260, மருந்து பூசியதற்கு ரூ.29,600.

பெரியப்பாவுக்கு மருந்து பூசியதையே வைத்து, குடலிறக்க அறுவையை ஆறு மாதம் தள்ளினார்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் எந்த ஸ்டென்ட்டிலும் ரத்தம் உறையலாம். ஆகவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் அட்டைகளில் பத்து மிச்சமிருக்கும்போதே, இருபது கொண்டையூசி வளைவுகளும் இறங்கி அடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம்.