லேப்டாப்பில் மட்டும் வைஃபை இழுக்கிறதா? டாங்கிளா, புது கார்டா, ரிப்பீட்டரா, கேபிளா

பக்கத்தில் இருக்கும் போனில் நெட் பறக்கும். அதே மேசையில், அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பலர் உடனே புது ரவுட்டர் வாங்கிவிடுகிறார்கள். அது சரியாகிவிட்டால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஆவதில்லை, ஏனென்றால் கோளாறு ரவுட்டரில் இல்லை. எந்த வழிக்குப் போகலாம் என்று ஒப்பிடுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள்.

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு பிங் விடுங்கள் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை அது). பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இன்னொரு விண்டோவில் வெளியே இருக்கும் கூகுளின் சர்வரான 8.8.8.8க்கு விடுங்கள். விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும், கடைசியில் மைனஸ் டி சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். ரவுட்டருக்கே 2, 3, 2, 4 மில்லிசெகண்ட் என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 480 ஆகி, அடுத்த வரியில் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று காட்டி, மறுபடி 3க்கு இறங்கினால், சிக்கல் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். ரவுட்டருக்குச் சீராக 3, வெளியே மட்டும் தடுமாற்றம் என்றால் கனெக்‌ஷன் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள். கீழே சொல்லும் எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா?

வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகள் இவை. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுவதுதான் செலவில்லாத முதல் மாற்றம். 2.4இல் ஒவ்வொரு சேனலும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கிறது. ஆனால் வைஃபை சிக்னலோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதனால் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றே. சுற்றியுள்ள எல்லா ரவுட்டரும் இந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயேதான். 5இல் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் வாடிவிடும்.

என் கணக்கு இது: ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5. அதற்கும் தள்ளி என்றால் சிக்னலைப் பாருங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு வைஃபை ஐகானைச் சொடுக்கினால் சிக்னலின் பலம் டிபிஎம் அளவில் எண்ணாகவே தெரியும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80 என்றால் பெயருக்குத்தான் இணைப்பு. மைனஸ் 60இலிருந்து மைனஸ் 70க்குப் போனால் கிடைக்கும் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். 5 உங்கள் இடத்தில் மைனஸ் 75ஐவிட மோசமானால் 2.4க்கே இறங்கிவிடுங்கள்.

5இல் காரணமே இல்லாமல் அறுந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறதா? சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களைப் பல நாடுகளில் ரேடாருடன் பகிர வேண்டியிருக்கிறது. ரேடார் சாயல் தட்டினாலே ரவுட்டர் அந்த சேனலை விட்டு எழுந்து போயாக வேண்டும். 36க்கும் 48க்கும் நடுவில் ஒன்றை நிலையாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டிரைவர்: புதியதா, பழையதா?

வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்தான் டிரைவர். இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நேற்றுவரை ஒழுங்காக இருந்து, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கெட்டது என்றால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’. வாங்கிய நாளிலிருந்தே இப்படி என்றால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியது. போனால் போகிறதென்று, அதே டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் கீழ் வரும் ‘சக்தி சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்’ என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்களில் அந்தப் பகுதியே தெரியாது. பேட்டரியில் ஓடும்போது மட்டும் வைஃபை மந்தம், சார்ஜர் செருகியதும் சரி என்றால் சந்தேகமே வேண்டாம், சக்தி சேமிப்புதான்.

யூஎஸ்பி டாங்கிளா, உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவதா?

இங்கேதான் அதிகம் பேர் தவறான பக்கம் சாய்கிறார்கள்.

முதலில் இப்போதுள்ள கார்டு எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். வைஃபை ஸ்டேட்டஸில் இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ் என்று நின்றால், அது ஒற்றை ஆன்டெனாவில் ஓடும் 2.4 இணைப்பு. கையில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் இந்த வாசலில் அவ்வளவுதான் நுழையும். இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கார்டு 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 867 காட்டும். இந்த வித்தியாசத்தை எந்த செட்டிங்கும் தராது.

யூஎஸ்பி போர்ட்டில் செருகும் வைஃபை கருவியான டாங்கிளின் பலம், லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். வைஃபை சிப் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட மெல்லிய லேப்டாப்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் நகம் அளவுக்கு வரும் நேனோ டாங்கிள்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்குள் ஆன்டெனாவுக்கு எங்கே இடம்? தொட்டால் சுடும், போர்ட்டையும் அடைத்துக்கொள்ளும். வாங்குவதென்றால் வெளியே ஆன்டெனா நீட்டியது, யூஎஸ்பி 3 வகை, கூடவே ஒரு முழ எக்ஸ்டென்ஷன் கேபிள்.

அந்தக் கேபிளுக்குக் காரணம் இருக்கிறது. யூஎஸ்பி 3 சாதனங்கள் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி இரைச்சல் எழுப்புகின்றன; 2012இலேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டது. இதை நான் அறிந்தது என் சொந்தத் தொல்லையில்தான். மாலையில் பேக்கப் எடுக்கும்போதெல்லாம் வைஃபை செத்துவிடும். பேக்கப் நெட்டைத் தின்கிறது என்று நினைத்தேன். அது நெட்டுக்கே போகவில்லை, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் போனது. டிஸ்க்கை இடது போர்ட்டிலிருந்து பிடுங்கியதும் பிங் 600இலிருந்து 4க்கு இறங்கியது. வலது போர்ட்டுக்கு மாற்றி, டிஸ்க்கைக் கேபிள் நீளத்துக்குத் தள்ளி வைத்தேன். அதோடு முடிந்தது.

கார்டு மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. திரையின் ஓரத்துக்குள் ஓடும் ஆன்டெனாக்கள் எந்தச் சின்ன டாங்கிளையும்விடப் பெரியவை. புது கார்டு அவற்றையே பயன்படுத்திக்கொள்கிறது. இப்போதைய லேப்டாப்களில் 22 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர் அளவுள்ள எம்.2 கார்டு, ஒரே ஒரு ஸ்க்ரூ. வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு: இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை பொருந்தும் இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப்பில் மட்டுமே வேலை செய்யும். ஏஎக்ஸ்210 அப்படியல்ல, ஏஎம்டியிலும் ஓடும். சில பழைய லேப்டாப்களில் தயாரிப்பாளர் அனுமதித்த கார்டைத் தவிர வேறெதையும் பயாஸ் ஏற்காது. உள்ளே ஒரே ஆன்டெனா வயர்தான் வருகிறது என்றால் இரண்டு ஆன்டெனா கார்டின் முழுப் பலனும் கிடைக்காது.

காசு கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டரி மாற்றக் கொடுத்து வாங்கிய என் பழைய லேப்டாப், ரவுட்டருக்கு எதிரிலேயே மைனஸ் 80 காட்டியது. கார்டு போய்விட்டதென்று முடிவே செய்துவிட்டேன். திறந்தால் கருப்பு வயர் கழன்று ஓரமாகக் கிடந்தது. வெள்ளை வயரின் தலை அரைகுறையாகச் சாய்ந்து நின்றது. மிளகைவிடச் சிறிய பொன்னிறக் குமிழ் அது. நேராக வைத்து நகத்தால் அழுத்தியதும் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. மைனஸ் 52.

ரிப்பீட்டரா, கேபிளா?

தூரம்தான் பிரச்சினை என்றால் டாங்கிள், கார்டு எதுவும் ஓரளவுக்கு மேல் உதவாது. மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்புகிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னலே எட்டாத அறைக்குள் அதை வைத்தால் கெட்ட சிக்னலைத்தான் பெருக்கித் தரும். பாதி வழியில் வையுங்கள். மெயில் பார்க்கப் போதும், மீட்டிங்குக்குப் போதாது.

லேப்டாப் ஒரே மேசையில் இருக்கிறதென்றால் கேபிளுக்குத்தான் என் ஓட்டு. கேட் 5இ வகை லேன் கேபிள் போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தரும். லேன் போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி கிகாபிட் அடாப்டர் இருக்கிறது. செருகிய பிறகு இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100இல் நின்றால், அடாப்டரும் ரவுட்டர் போர்ட்டும் கிகாபிட்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு கேபிளின் முனையைச் சோதியுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். 100க்கு நான்கு போதும். ஒன்று விட்டுப்போனாலும் நெட் வரும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. முனையை வெட்டி, புது பிளக்கை அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப்) 1000க்கு ஏறிவிடும்.