அடெல் இணையவழிப் பாடங்கள்: ஒரு பயிற்சியாளரின் மதிப்பீடு

ஊக்கமருந்து தடுப்பைப் பற்றி ஒரு வீரர் முதன்முதலில் அறிந்துகொள்வது பரிசோதனை அறையில் அல்ல, பாடத்தின் வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் கல்வித் தரவிதிகளின் அடிப்படைக் கொள்கை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா 2018இல் தொடங்கிய ‘அடெல்’ கல்வித் தளத்தை, இளம் ஓட்டப்பந்தய வீரர்களுக்குப் பயிற்சியளிப்பவன் என்ற முறையில் அந்தக் கொள்கையை மனத்தில் வைத்தே அணுகினேன்.

கட்டணமின்றிப் பதிவுசெய்து படிக்கலாம். வீரர், பயிற்சியாளர், மருத்துவர், பெற்றோர் ஆகியோருக்குத் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. பெற்றோருக்கான பாடத்தை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. சளி பிடித்த பிள்ளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தாம் என்பது பிறகே உறைத்தது.

தன் உடலில் கண்டறியப்படும் தடைசெய்யப்பட்ட பொருளுக்கு, அது எந்த வழியாக வந்திருந்தாலும், வீரரே பொறுப்பு என்ற விதியைத்தான் மாணவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிக்க வேண்டியிருக்கிறது. சில சளி மருந்துகளில் உள்ள சூடோஎபெட்ரின், போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் விதிமீறலாகிவிடும். வலி நிவாரணியான டிரமடால் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத் தடையில் சேர்ந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும் துறையில், சென்ற ஆண்டு அச்சடித்த கையேட்டை நம்பியிருப்பதைவிட இணையப் பாடம் பல மடங்கு மேல்.

முன்னறிவிப்பில்லாத பரிசோதனைக்காக, எங்கே இருப்போம் என்று தினமும் 60 நிமிட நேரத்தைக் குறித்துக் கொடுக்கச் சொல்லும் இருப்பிடத் தகவல் விதிகள், பரிசோதனைக் குழுவில் பதிவான முன்னணி வீரர்களுக்கே உடனடித் தேவை. தொடக்கநிலை மாணவர்களுக்கு அதை மேலோட்டமாகச் சொன்னால் போதும்.

திரையில் படிப்பது மட்டும் போதும் என்று நான் கருதவில்லை. வினாடிவினாவில் தேறிச் சான்றிதழ் பெற்ற மாணவர்களிடம் ஒரு வாரம் கழித்து, “மருந்துக் கடையில் வேறு பெயரில் அதே மாத்திரையைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டபோது பலர் தயங்கினார்கள். அதன்பின் பாடங்களை ஒன்றாக அமர்ந்தே படிக்கிறோம்; அவரவர் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் சப்ளிமென்ட் டப்பாக்களையும் கொண்டுவந்து, மூலப்பொருட்களின் பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிடுகிறோம். ஆஸ்துமா உள்ள ஒரு மாணவி, இன்ஹேலர் வழி சால்பியூட்டமாலுக்கு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தானே கண்டறிந்து, தன் மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். இப்போது புதிய மருந்து எதுவானாலும், அதன் அட்டையைப் படமெடுத்து எனக்கும் மருத்துவருக்கும் அனுப்பிய பிறகே அவர் வாயில் போடுகிறார்.