ஏசிக்கு எந்த கேஸ் நல்லம்? 22, 410, 32, 290

கச்சான் காத்து தொடங்கினா மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஏசி இல்லாம படுக்கேலாது, ஆனா கடலுக்குக் கிட்ட எண்டதால உப்புக்காத்து அவுட்டோர் யூனிட்ட சும்மா விடாது. போன மாசம் எங்கட மூடியக் கழட்டிப் பாத்தா அலுமினியத் தகடு விரல் பட்டதும் மாவா உதிருது, பைப் மூட்டுல எண்ணெய்க்கறை, சவுக்காரத் தண்ணி பூசினதும் சின்னச் சின்னக் குமிழி. அதால புதுசு எடுக்கக்குள்ள நான் முதல்ல பாத்தது, லீக் ஆனா வெளிய என்ன போகுது எண்டதுதான்.

பழசுல இருந்தது ஆர்-22. அதுல குளோரின் இருக்கு, ஓசோன் படைய அரிக்கும், அதோட ஒரு கிலோ வெளிய போனா 1,810 கிலோ காபனீரொட்சைட்டு விட்டதுக்குச் சமம். ஓசோனக் காப்பாத்த நாடுகள் செஞ்ச மொன்றியல் உடன்படிக்கைப்படி எங்கட மாதிரி நாடுகள் 2030க்குள்ள இத நிப்பாட்டணும், ரிப்பேருக்கு மட்டும் கொஞ்சம் 2040 வரைக்கும் கிடைக்கும். இனி இதுக்கு வருசா வருசம் கேஸ் அடிச்சு ஓட்டுறது வீண்செலவு.

410ஏ ஓசோனுக்கு ஒண்டும் செய்யாது எண்டுதான் உலகமே மாறிச்சு, ஆனா பூமியச் சூடாக்குறதுல 22ஐயும் தாண்டி கிலோவுக்கு 2,088ல நிக்குது! அமுக்கமும் ஒண்டரை மடங்குக்கு மேல, பழைய 22 மெசினுக்குள்ள இத அடிக்கவே கூடாது. இலங்கை 2018ல அந்த மொன்றியல் உடன்படிக்கைக்குக் கொண்டுவந்த கிகாலி திருத்தத்த ஏத்துக்கிட்டுது, அதுப்படி இந்த எச்.எஃப்.சி (புளோரின் கலந்த) குடும்பத்து கேஸெல்லாம் 2029ல 10 வீதம் குறையணும், 2045ல 80 வீதம். மலிவு எண்டு இப்ப 410 வாங்கினா நாளைக்கு 22க்கு நடந்ததுதான் இதுக்கும்.

நான் எடுத்தது ஆர்-32. 410ல பாதி இதுதான், மத்தப் பாதிய விட்டதும் அந்தச் சூடாக்குற எண் 675க்கு இறங்குது, அளவும் குறையப் போதும், தனி வாயு எண்டதால லீக் ஆனா கலவை மாறுற பிரச்சினையும் இல்ல. லேசா தீப்பிடிக்கும், அதால தெரிஞ்ச ஆள்தான் பூட்டணும்.

சூழலுக்கு எண்டு பாத்தா 290 தான் ராசா, எண் வெறும் 3 அளவுதான். ஆனா அது புரொப்பேன், நல்லா எரியும், 2021 கடைசியில அடுப்பு கேஸ் வெடிச்ச பயம் சனத்துக்கு இன்னும் போகல. அதுக்கெண்டே செஞ்ச மெசின் எண்டா எடுக்கலாம், பழைய 22 மெசினுக்குள்ள 290 அடிச்சுத் தாறன் எண்டு யாரும் சொன்னா தயவுசெஞ்சு விடாதீங்க, அந்த வயரும் சுவிட்சும் அதுக்குச் செஞ்சதில்ல. பிரிட்ஜ் எண்டா யோசிக்கவே வேணாம், 600ஏ எண்ட ஐசோபியூட்டேன் கேஸ் உள்ளத எடுங்க, அதுவும் எரியிற கேஸ்தான் ஆனா உள்ள இருக்கிறது ஒரு பிடி.

ஒண்டு மட்டும் மனசுல நிக்குது. பழச கழட்ட வந்த பொடியன் நட்ட லூசாக்கி மிச்ச கேஸ ஸ்ஸ்ஸ் எண்டு முத்தத்துல விடப் பாத்தான், நான் கையப் புடிச்சு நிப்பாட்டிட்டன். பிறகு கல்முனையில இருந்து கேஸ் இழுக்கிற மெசினோட வேற ஒருத்தர் வந்தாரு. சிலிண்டருக்குள்ள இழுத்து நிறுத்துப் பாத்தா 600 கிராம், ஒரு டன்னுக்கு மேல காபனீரொட்சைட்டு விட்டதுக்குச் சமமானது எங்கட முத்தத்துலயே போயிருக்கும்.