கருப்பு வெள்ளை நாய்: வருடக்கணக்கில் வளர்த்த அனுபவம்

சிண்டுவைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "இது என்ன ஜாதி?" என்றுதான். அடுத்த கேள்வி, "இதே மாதிரி கருப்பும் வெள்ளையுமா எனக்கும் ஒண்ணு வேணுமே, எங்கே கிடைக்கும்?" சிண்டு கலப்பினம். முதுகும் காதுகளும் நல்ல கருப்பு. நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு, மார்பும் பாதங்களும் வால் நுனியும் வெள்ளை. பார்டர் கோலி சாயல் தூக்கலாகத் தெரியும், மற்றபடி யார் யாருடைய வாரிசு என்று சொல்ல முடியாது. குட்டியாக வந்தவனுக்கு இப்போது மோவாய் நரைக்கத் தொடங்கிவிட்டது. இத்தனை காலம் கூடவே இருந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: நிறத்தைப் பார்த்து நாயின் குணத்தைச் சொல்லவே முடியாது. ஆனால் அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். கருப்பு ரோமத்துக்கு ஒரு கவனிப்பு, வெள்ளைக்கு வேறொரு கவனிப்பு. இரண்டும் ஒரே நாயின் மேல் இருப்பதுதான் இதில் உள்ள கூடுதல் வேலை.

குணத்தைப் பற்றி முதலில். ஷிட்ஸு, பாஸ்டன் டெரியர், டால்மேஷன், சைபீரியன் ஹஸ்கி, பார்டர் கோலி, கிரேட் டேன் எல்லாவற்றிலும் கருப்பு வெள்ளை உண்டு. ஷிட்ஸு மடியில் அடங்கிவிடும், கிரேட் டேன் 50 கிலோவைத் தாண்டும். பாஸ்டன் டெரியருக்குச் சப்பை மூக்கு, வெயிலில் ஓடவிட்டால் மூச்சு திணறும். ஹஸ்கி ஊளையிடும், வேலி தாண்டும், முடியை வீடெங்கும் கொட்டும். ஆக, "கருப்பு வெள்ளை நாய் வேண்டும்" என்பது பாதி விண்ணப்பம்தான். வீட்டில் எவ்வளவு இடம், காலையும் மாலையும் யார் கூட்டிப்போவார்கள், பகலில் நாய் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும் என்பதை எல்லாம் எழுதினால்தான் மீதிப் பாதி நிரம்பும்.

பார்டர் கோலி பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தைப் பார்த்து அதிகம் பேர் மயங்குவது இதில்தான். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் ஆடு மேய்க்கவென்றே உருவான இனம். 1893-இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதை என்பார்கள். குரைத்து விரட்டாமல், பதுங்கி நின்று முறைத்தே ஆடுகளை நகர்த்துவது அதன் பாணி. வீட்டில் ஆடு இல்லையென்றால் அந்த முறைப்பு சைக்கிள் மேலும், ஓடும் குழந்தைகள் மேலும், சுவரில் ஆடும் நிழல் மேலும் போகும். சிண்டுவுக்குப் பாதி ரத்தம்தான் இருக்கும், அதற்கே தரை துடைக்கும் மாப்பைப் பார்த்தால் பதுங்க ஆரம்பித்துவிடுவான். வெறும் நடை இவனுக்குப் போதாது. ஒளித்து வைத்த பொருளைத் தேட வைப்பது, புதுக் கட்டளை கற்றுக்கொடுப்பது என்று மூளைக்கு வேலை கொடுத்த நாட்களில்தான் மாலையில் அமைதியாகப் படுப்பான்.

அடுத்தது காது. குட்டி தேர்ந்தெடுக்கும்போது யாரும் சொல்லாத, ஆனால் கேட்டே ஆக வேண்டிய விஷயம். நாயின் தோலிலும் ரோமத்திலும் நிறமி செய்யும் செல்கள், கருவில் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடல் முழுக்கப் பரவுகின்றன. கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடங்கள் பாதம், மார்பு, வால் நுனி, மூக்குப் பகுதி. செல்கள் அங்கே போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். பெரும்பாலான கருப்பு வெள்ளை நாய்களில் வெள்ளை அந்த இடங்களில்தான் இருக்கும், கவனித்துப் பாருங்கள். இதே செல்கள் உள்காதிலும் வேண்டும். அங்கே இல்லாவிட்டால் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். பாதமும் மார்பும் மட்டும் வெள்ளையாக இருக்கும் நாய்க்கு இதில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. தலையும் காதும் பெரும்பாலும் வெள்ளையாக உள்ள குட்டியிலும், நீலக் கண் உள்ள குட்டியிலும்தான் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டால்மேஷன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதிலாவது கேளாமை இருந்தது, சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதுமே கேட்கவில்லை.

தூங்கும் குட்டியின் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்கலாம். இரண்டு காதும் செவிடு என்றால் ஓரளவு தெரியும். ஒரு காது மட்டும் என்றால் இதில் பிடிபடாது, அதற்கு மூளைத்தண்டின் மின் அலைகளை அளக்கும் பேயர் சோதனை இருக்கிறது. 5 வாரக் குட்டிக்கே செய்யலாம். ஒரு காது கேட்காத நாய் மற்ற நாய்களைப் போலத்தான் வாழும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் மட்டும் குழம்பும். முழுச் செவிடான நாயையும் கை சைகையால் அருமையாகப் பழக்கலாம். தெரிந்தே எடுப்பது வேறு, வீட்டுக்கு வந்தபிறகு "சொன்னால் கேட்கவே மாட்டேன்கிறது" என்று திட்டுவது வேறு.

திட்டுத்திட்டாக நிறம் கலைந்த மெர்ல் வகை, கிழிந்த துணித்துண்டுகள் போலக் கருந்திட்டு உள்ள ஹார்லிக்வின் கிரேட் டேன் இவற்றில் ஆசை உள்ளவர்கள், தாய் தகப்பன் இரண்டையும் பார்க்காமல் எடுக்க வேண்டாம். ஹார்லிக்வின் நாய்க்குள்ளும் மெர்ல் மரபணு இருக்கிறது. இரண்டு மெர்ல் நாய்களை இணைத்தால், கணக்குப்படி நாலில் ஒரு குட்டிக்கு இந்த மரபணு இரட்டையாக வரும். அப்படி வரும் குட்டிகளுக்குக் கண்ணும் காதும் பாதிக்கப்படும் அபாயம் மிக அதிகம். அழகுக்காக இப்படி இணைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று, குட்டியில் பார்த்த வடிவம் அப்படியே நிற்காது. டால்மேஷன் குட்டி பிறக்கும்போது வெள்ளை, இரண்டாவது வாரத்தில்தான் புள்ளி எட்டிப் பார்க்கும். மற்ற இனங்களிலும் வெள்ளைப் பகுதியில் பின்னால் பொடிப்புள்ளிகள் வரலாம். சிண்டுவின் முன்னங்கால்கள் குட்டியில் பளிச்சென்று இருந்தன, இப்போது மிளகு தூவிய மாதிரி இருக்கின்றன. மூக்கில் இருந்த இளஞ்சிவப்புத் திட்டும் சில மாதங்களில் கருத்து மூடிவிட்டது.

சரி, பராமரிப்புக்கு வருவோம்.

வெள்ளைப் பாதம்தான் தினசரித் தலைவலி. சேறு என்றால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். செம்பழுப்புக் கறைதான் போகாது. அது அழுக்கு இல்லை. எச்சிலிலும் கண்ணீரிலும் உள்ள போர்ஃபைரின் என்ற நிறமிப்பொருள் ரோமத்தில் படிவதால் வருவது. கருப்புப் பாதத்திலும் இதே கறை உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. சிண்டுவின் பாதம் திடீரென்று சிவக்க ஆரம்பித்தபோதுதான் அவன் ராத்திரியில் ஓயாமல் நக்குகிறான் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவர் ஒவ்வாமை என்று சொல்லி மருந்து கொடுத்தார். நக்குவது நின்று, புது ரோமம் வளர வளரத்தான் நிறம் திரும்பியது. கறையை வெளுக்க ப்ளீச், பெராக்சைடு என்று பலர் யோசனை சொல்வார்கள், கண் பக்கமும் நக்கும் இடத்திலும் அதெல்லாம் வேண்டவே வேண்டாம். வெள்ளை நாய்களுக்கென்று விற்கும் நீல நிற ஷாம்பு மஞ்சளிப்பைக் கொஞ்சம் மறைக்கும், எச்சில் கறையை ஒன்றும் செய்யாது. மனிதர்களின் ஷாம்புவும் ஆகாது. நம் தோல் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையானது, அதனால் வறண்டு அரிக்கும். நடந்துவிட்டு வந்ததும் விரலிடுக்குவரை ஈரம் துடைப்பதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்த வைத்தியம்.

கருப்புப் பக்கம் வேறு மாதிரி ஏமாற்றும். வெயிலில் கிடந்தால் நுனி பழுப்பேறி, துருப்பிடித்ததைப் போல் தெரியும். முடி உதிரும் பருவத்துக்கு முன் பழைய ரோமத்தில் இது சகஜம். வருடம் முழுக்க அப்படியே இருந்தால் உணவைக் கவனிக்க வேண்டும். கருநிறமி உருவாக டைரோசின், ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலங்கள் தேவை, புரதம் போதாவிட்டால் கருப்பு வெளிறும். அரிதாக, கருப்புப் பகுதியில் மட்டும் முடி முறிந்து வழுக்கையாகும் பரம்பரைக் கோளாறு ஒன்றும் உண்டு. அதில் வெள்ளைப் பகுதிக்கு எதுவும் ஆகாது. குட்டியிலேயே தெரிந்துவிடும்.

வெயிலில் இரண்டு நிறத்துக்கும் இரண்டு தொல்லை. கருப்பு முதுகு சூட்டை அதிகம் இழுக்கும். வெள்ளை ரோமத்துக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல் இருந்தால் மூக்குத்தண்டு, காது நுனி, வயிறு ஆகிய இடங்கள் வெந்து புண்ணாகும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் தோல் புற்றுநோய்வரை போகலாம். மல்லாந்து வெயில் காயும் பழக்கம் உள்ள நாய் என்றால் நிழலுக்கு இழுத்துவிட வேண்டியதுதான். சன்ஸ்கிரீன் பூசுவதானால் நாய்களுக்கென்றே உள்ளது மட்டும். துத்தநாக ஆக்சைடு கலந்ததை நக்கினால் நஞ்சு. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று இரட்டை அடுக்கு ரோமத்தை மொட்டையடிப்பதும் தவறு, அந்த ரோமம்தான் வெயிலையும் தடுக்கிறது.

முடி உதிர்வதைப் பற்றி ஒரு வரி போதும்: எந்த நிற உடை போட்டாலும் ஒட்டியிருப்பது தெரியும்.

நகம் வெட்டுவதில் வெள்ளைப் பாதம் வரம். நகம் பெரும்பாலும் நிறமின்றி இருப்பதால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திவிடலாம். சிண்டுவின் பின்னங்காலில் ஒரே ஒரு நகம் கருப்பு, அதற்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பார்த்துத்தான் வெட்டுகிறோம். தெள்ளு தேடுவதற்கும் வெள்ளை வயிறு வசதி. சீப்பில் வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், வெறும் மண் இல்லை. உண்ணிக்கு இந்த வசதி கிடையாது. கருப்பு ரோமத்துக்குள் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், குறிப்பாகக் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்.

படம் எடுப்பது தனிப் போராட்டம். முகம் தெளிவாக விழுந்தால் மார்பு வெளுத்துப் போகும், மார்பு சரியாக வந்தால் கண் எங்கே என்று தேட வேண்டும். மேகமூட்டமான வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டும் தேறும்.

வயதாவதும் கருப்பில்தான் முதலில் தெரிகிறது. மோவாய், புருவம் என்று நரை ஏறுகிறது. கண்ணில் லேசான நீல மங்கல் வந்ததைக் கண்புரை என்று நினைத்துக் காட்டினோம். லென்ஸ் வயதால் இறுகுவதுதான், பார்வை பெரிதாகக் கெடாது என்றார் மருத்துவர். இரண்டையும் வீட்டில் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, காட்டிவிடுவதே நல்லது.

இன்னொரு நாய் எடுப்பீர்களா என்று கேட்கிறார்கள். எடுத்தால் காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயாகத்தான் எடுப்பேன். காது கேட்கிறதா, புள்ளி எங்கே நின்றது, எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதெல்லாம் அந்த வயதில் கண்ணெதிரே தெரிந்துவிடும். நிறம் எதுவாக இருந்தாலும் சரி. முடி மட்டும் குட்டையாக இருந்தால் தேவலை.